வீட்டுத் தூபமும் மூலிகைக் கட்டும்: கோலாலம்பூர் வீடுகளில் எழும் கேள்விகள்

செவ்வாய், வெள்ளியில் தூபம் போடுவது நம் வீடுகளில் இன்னும் விட்டுப்போகவில்லை. ஆனால் தோட்டத்து லயத்தில் நாலு பக்கமும் காற்று வந்த வீட்டில் போட்ட அதே அளவு புகையை இப்போது பதினெட்டாவது மாடியில், ஏசி போட்டுக் கதவடைத்த கூடத்தில் போட்டால் கண் எரிகிறது, குழந்தை இருமுகிறது, தாழ்வாரத்தில் அலாரம் கத்துகிறது. இதற்கு என்ன செய்யலாம் என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். என் கருத்து ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கொஞ்சமாகப் புகை, நன்றாகக் காய்ந்த பொருள், திறந்த ஜன்னல். இந்த மூன்றும் இருந்தால் தூபம் நல்லதாகவே இருக்கும்.

மூலிகைக் கட்டு என்று எதைச் சொல்கிறீர்கள்? சாம்பிராணித் தூபத்துக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

மணமுள்ள இலைகளையும் தண்டுகளையும் ஒரு சாண் நீளத்துக்குச் சேர்த்துப் பருத்தி நூலால் சுற்றிக் கட்டிக் காயவைத்தால் அதுதான் மூலிகைக் கட்டு. நுனியில் நெருப்பு வைத்து, தீயை ஊதி அணைத்துவிட்டு, கனலில் இருந்து வரும் புகையை வீட்டுக்குக் காட்ட வேண்டும். கரி வேண்டாம், தூபக்கால் வேண்டாம், ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும், அதனால்தான் பிளாட்டில் இருக்கிறவர்கள் இதைத் தேடுகிறார்கள். சாம்பிராணித் தூபம் என்பது கனலும் கரியின் மேல் மரப்பிசினைத் தூவுவது. புகை அடர்த்தியாக வரும், மணம் நேரம் தங்கும், கவனமும் அதிகம் வேண்டும்.

இலைக்கட்டு எரிப்பது வெள்ளைக்காரர் வழக்கம்தானே, நமக்கு எதற்கு?

வெள்ளைக்காரர் வழக்கம் இல்லை. இன்று கடைகளில் பார்க்கும் அந்தக் கட்டு வட அமெரிக்கப் பழங்குடி மக்களின் சடங்கிலிருந்து வந்தது. அவர்களுடைய சடங்குகளை அமெரிக்க அரசு நெடுங்காலம் தடுத்து வைத்திருந்தது, 1978-இல்தான் அவர்களின் சமயச் சுதந்திரத்துக்கென்று ஒரு சட்டம் வந்தது. அவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய சடங்கை நாம் வீடியோவில் பார்த்துவிட்டு அதே சொற்களோடு செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் மணப்புகை காட்டி வீட்டைக் காப்பது நமக்குப் புதிதே கிடையாது. புறநானூற்றின் 281ஆம் பாடலில், போரில் புண்பட்டு வந்தவனைக் காக்க வீட்டில் வேப்பிலை செருகுகிறார்கள், வெண்கடுகு தூவுகிறார்கள், வீடு முழுக்க மணப்புகை காட்டுகிறார்கள். வேம்பும் வெண்கடுகும் புகையும் இன்றைக்கும் நம் கையில் இருக்கின்றன. கட்டாகக் கட்டுவது ஒரு வசதிக்காக, அவ்வளவுதான். அதில் நம் இலையை வைத்து, நம் சாமியை நினைத்துக் காட்டலாம்.

வெள்ளை சேஜ் என்ற செடியின் இலைக்கட்டை மால்களில் விற்கிறார்களே, வாங்கலாமா?

வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். அந்தச் செடி தெற்குக் கலிபோர்னியாவிலும் அதை ஒட்டிய மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியாவிலும் மட்டுமே காட்டில் வளர்வது. உலகம் முழுக்கத் தேவை ஏறியதால் அங்கே திருட்டுத்தனமாக மூட்டை மூட்டையாக வெட்டி எடுக்கிறார்கள். கடையில் இருக்கும் கட்டு எங்கே வெட்டியது என்று நமக்குத் தெரிய வழியில்லை. தவிர, அவ்வளவு தூரம் வந்த இலையில் மணம் பாதி போயிருக்கும். உங்கள் வீட்டு வாசலில் துளசி இருக்கும்போது அது எதற்கு?

சரி, இங்கே எந்த இலைகளைச் சேர்க்கலாம்? எங்கே கிடைக்கும்?

துளசி, நொச்சி, வேப்பிலை, செராய் (எலுமிச்சைப்புல்), வெட்டிவேர் ஆகிய ஐந்தும் இருந்தால் போதும், மற்றதெல்லாம் விருப்பம்.

துளசிதான் அடித்தளம். பூவும் விதையும் வந்த தண்டாக எடுங்கள், இளம் இலையைவிட அது நன்றாகக் கனலும். நொச்சியை நர்சரியில் கேட்டு வாங்கி ஒரு தொட்டியில் வைத்துவிட்டால் வெட்ட வெட்டத் தழையும். சுங்கை பூலோ பக்கம் நர்சரிகள் வரிசையாக இருக்கின்றன, இந்தியச் செடிகள் வைத்திருப்பவர்களைக் கேட்டால் எடுத்துத் தருவார்கள். வேப்பமரம் பல குடியிருப்புத் தாமான்களில் நம்மவர் வீட்டு முன்னாலும் கோயில் வளாகங்களிலும் நிற்கிறது. கேட்டுவிட்டுப் பறியுங்கள், நெடுஞ்சாலை ஓரத்து மரத்தைத் தொடாதீர்கள், இலை முழுக்கப் புகையும் தூசியும் படிந்திருக்கும். செராய் பாசாரில் எங்கும் கிடைக்கும், சௌக்கிட் சந்தையில் நீண்ட தழையோடேயே வரும், சமையலுக்கு வேண்டாத அந்தத் தழைதான் நமக்கு வேண்டியது. வெட்டிவேர் பிரிக்பீல்ட்ஸ் பூஜைக் கடைகளிலும் மஸ்ஜித் இந்தியா, லெபோ அம்பாங் பக்கத்து நாட்டுமருந்துச் சாமான் விற்கும் கடைகளிலும் கேட்டுப் பாருங்கள். பினாங்கில் இருப்பவர்கள் ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவிலேயே எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளலாம்.

வேப்பிலையை அளவாகச் சேர்க்க வேண்டும். கட்டில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போனால் புகை கசந்து தொண்டையைப் பிடிக்கும். காய்ந்த பன்னீர் ரோஜா இதழ், திருநீற்றுப்பச்சிலை, பாசாரில் விற்கும் லீமாவ் பூருட் என்ற எலுமிச்சை வகை இலை எல்லாம் நல்ல சேர்மானங்கள். மாலைக்குக் கோத்த துளசியை வாங்கினால் ஒரு தரம் அலசி, தண்ணீர் முழுக்க வடிந்த பிறகே எடுங்கள், பூச்சிமருந்து அடித்திருக்கலாம்.

கட்டுவது எப்படி? படிப்படியாகச் சொல்லுங்கள்.

இலை பறித்த அன்றே கட்ட வேண்டாம். பச்சையாகக் கட்டினால் உள்ளே ஈரம் மாட்டிக்கொள்ளும், காயக் காயக் கட்டு தளர்ந்து நூல் கழன்றுவிடும். ஒரு நாள் நிழலில் செய்தித்தாள் மேல் பரப்பி வாடவிடுங்கள். தண்டு வளைய வேண்டும், ஒடியக் கூடாது, அந்தப் பதத்தில் கட்டலாம்.

செராய்த் தழையையும் நாலைந்து வெட்டிவேரையும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள், கட்டுக்கு முதுகெலும்பு அதுதான், கனலை உள்ளே இழுத்துக்கொண்டு போவதும் அதுதான். அதைச் சுற்றி நொச்சி, வேம்பு, வெளியே துளசி. எல்லாத் தண்டும் ஒரே பக்கம் இருக்கட்டும். பருமன் உங்கள் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து வளைத்துப் பிடிக்கும் அளவு, அதற்கு மேல் வேண்டாம். பெரிய கட்டு பார்க்க அழகாக இருக்கும், ஆனால் இந்த ஊர்க் காற்றில் நடுப்பகுதி காயவே காயாது.

நூல் பருத்தியாக மட்டும் இருக்க வேண்டும். பூக்கட்டும் வெள்ளை நூல் சரியானது, ஆனால் இப்போது பூக்கடைகளில் பாலியெஸ்டர் நூலும் வருகிறது, ஒரு முனையைக் கொளுத்திப் பாருங்கள்: சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி, உருகிக் கெட்டியாக உருண்டால் பிளாஸ்டிக். பிளாஸ்டிக்கை எரித்து அதைச் சாமி படத்துக்குக் காட்டிக்கொண்டிருக்க முடியாது. தண்டுப் பக்கம் முடிச்சுப் போட்டு, சாய்வாகச் சுற்றிக்கொண்டு நுனிவரை போய், அப்படியே எதிர்ச்சாய்வாகத் திரும்பி வந்து முதல் முடிச்சிலேயே முடியுங்கள். இறுக்கம் முக்கியம். தளர்வாக இருந்தால் காற்று புகுந்து தீப்பற்றிக்கொள்ளும், கல் மாதிரி இறுக்கினால் பாதியில் அணைந்துவிடும். விரலால் அழுத்தினால் கொஞ்சம் அமுங்கி மீண்டு வர வேண்டும்.

அப்புறம் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். வெயிலில் போட்டால் சீக்கிரம் காயும், ஆனால் துளசி கறுத்து மணத்தை விட்டுவிடும், நிழல்தான் நல்லது.

இரண்டு வாரம் தொங்கவிட்டும் காயவில்லை, உள்ளே வெள்ளையாகப் பூத்திருக்கிறது. எரிக்கலாமா?

கூடாது. அது பூஞ்சணம், அதை எரித்து யாரும் மூச்சிழுக்கக் கூடாது, எறிந்துவிடுங்கள். கோலாலம்பூரில் காற்றின் ஈரப்பதம் வருடம் முழுக்க 80 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. வறண்ட நாட்டில் ஒரு வாரத்தில் காய்வது இங்கே மூன்று வாரம்கூடக் கேட்கும், நவம்பர் மழையில் அதற்கும் மேலே. ஃபேன் ஓடும் அறையில் தொங்கவிடுங்கள், இரவு ஏசி போடும் படுக்கையறை இன்னும் நல்லது, ஏசி காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துவிடும். சமையலறையிலும் குளியலறைப் பக்கமும் தொங்கவிடவே கூடாது. தண்டை வளைத்தால் சத்தத்தோடு ஒடிய வேண்டும், அதுதான் அடையாளம். காய்ந்த பிறகு மூடி இறுகும் பிஸ்கட் டின்னில் போட்டு, மருந்துப் புட்டிகளில் வருகிற ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலங்களை உள்ளே வைத்துவிடுங்கள்.

சாம்பிராணித் தூளை உள்ளே தூவிக் கட்டினால் மணம் கூடுமே?

அப்படிச் செய்யக் கூடாது. பிசின் சூட்டில் உருகும். கட்டிலிருந்து சொட்டினால் கையில் ஒட்டிக்கொண்டே சுடும், தரைவிரிப்பில் விழுந்தால் ஓட்டை. பிசினுக்கு இடம் கரிதான்.

நல்ல சாம்பிராணியை எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தக் கேள்விக்கு விரிவாகப் பதில் சொல்ல ஆசை, ஏனென்றால் சாம்பிராணி இந்தியாவிலிருந்து வருவது என்று இங்கே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது நம் பக்கத்து வீட்டுப் பொருள். வட சுமத்ராவில் தோபா ஏரியைச் சுற்றிய மலைகளில் வளரும் மரங்களின் பட்டையைக் கீறிவிட்டு, வடிந்து இறுகும் பாலைச் சுரண்டி எடுக்கிறார்கள். மலாய்க்காரர்கள் கெமெஞான் என்று சொல்வது இதையேதான். அங்கிருந்துதான் அது கப்பலேறித் தமிழ்நாட்டுக்குப் போனது. சுமத்ராவின் மேற்குக் கரையில் பாருஸ் என்ற பழைய துறைமுகம், கற்பூரத்துக்கும் சாம்பிராணிக்கும் பேர் போன இடம், அங்கே லோபு துவாவில் 1088-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டே கிடைத்திருக்கிறது, ஐந்நூற்றுவர் என்ற நம் வணிகக் குழு பொறித்தது. அந்த மணத்துக்காக நம்மவர்கள் கடல் தாண்டி வந்து போயிருக்கிறார்கள். குங்கிலியம் வேறு பிசின்தான், ஆனாலும் தூபத்தின் அருமைக்கு ஒரு கதை: திருக்கடவூரில் குங்கிலியக் கலய நாயனார் மனைவியின் தாலியை விற்று அரிசி வாங்காமல் குங்கிலியம் வாங்கினார் என்பதை நாம் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள்.

சரி, கடையில் என்ன பார்ப்பது? உடைத்தால் உள்ளே பழுப்பும் வெளிறிய துண்டுகளும் கலந்து தெரிய வேண்டும். முகர்ந்தால் வெனிலா போல லேசான இனிப்பு மணம் இருக்கும். கண்ணாடி மாதிரி ஒரே நிறத்தில் பளபளவென்று இருந்தால் அது பெரும்பாலும் டாமார் பிசினோ குங்கிலியமோ, அதுவும் கெட்டதில்லை, மணம் வேறு. பாக்கெட்டைத் திறந்த உடனே செண்டு வாசம் தூக்கலாக அடித்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

கம்ப்யூட்டர் சாம்பிராணி, கப் சாம்பிராணி பரவாயில்லையா?

அவசரத்துக்குச் சரி. கரித்தூளும் மரத்தூளும் கலந்து அழுத்தி, வாசனை சேர்த்தது. அதில் பிசின் எவ்வளவு என்பது தயாரிப்பவருக்குத் தெரியும். ஒன்று ஏற்றினால் முழுவதும் எரிந்து தீரும்வரை புகையை நிறுத்த முடியாது என்பதுதான் எனக்குப் பெரிய குறை. சின்ன வீட்டுக்கு அரைக் கப் போதும், ஏற்றுவதற்கு முன் உடைத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கரி? கரியில் போட்டால் எனக்கு உடனே கண் எரிகிறது.

சிரட்டைக் கரி நல்லது. பாசாரில் கிடைக்கும் பாக்காவ் மரக்கரியும் நல்லது, பேராவின் குவாலா செபெத்தாங் சூளைகளில் சுடும் கரி அந்தச் சதுப்புநில மரத்தில்தான் செய்கிறார்கள். தீக்குச்சி காட்டிய உடனே பொறி பறக்கப் பற்றும் வட்டக் கரியில் வெடியுப்புச் சேர்த்திருப்பார்கள், அந்தப் பொறியும் நெடியும் அடங்கி மேலே சாம்பல் பூக்கும்வரை அதன் மேல் எதையும் போடாதீர்கள்.

கண் எரிவதற்குக் காரணம் சூடு. செக்கச் சிவந்த கனலில் சாம்பிராணியைக் கொட்டினால் அதிலிருக்கும் அமிலம் ஒரேயடியாக ஆவியாகிக் கண்ணையும் தொண்டையையும் தாக்கும், மணம் கருகிவிடும். கனல் மேல் ஒரு சிட்டிகை விபூதியோ பழைய சாம்பலோ தூவி, அதன் மேல் பயறளவு சாம்பிராணி போடுங்கள். மெல்ல உருகி, வெண்புகையாக எழும். அது அடங்கிய பிறகு அடுத்த பயறளவு. இந்த ஒரு மாற்றத்தைச் செய்தாலே வீட்டில் பாதிப் பேர் முறையிடுவதை நிறுத்திவிடுவார்கள்.

இன்னொன்று: தூபம் முடிந்தது என்று கனல் இருக்கும் தூபக்காலை ஏசி அறையில் வைத்துக் கதவை மூடித் தூங்கப் போகாதீர்கள். கரி வெளிவிடும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது, ஆளைக் கொன்றுவிடும்.

புகையை எப்படிக் காட்டுவது? எங்கே தொடங்க வேண்டும்?

முதலில் வீட்டைக் கூட்டித் துடைத்துவிடுங்கள், குப்பையை வெளியே போடுங்கள், ஜன்னல்களைத் திறங்கள். அழுக்கின் மேல் புகை போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. விளக்கேற்றி, சாமி அறையில் முதலில் காட்டிவிட்டு, ஒவ்வொரு அறையாக, மூலைகளில் கொஞ்சம் நின்று, கடைசியில் நிலைவாசலுக்கு வந்து முடிப்பது எங்கள் வீட்டு வழக்கம். சில வீடுகளில் வாசலில் தொடங்கி உள்ளே போவார்கள், உங்கள் பாட்டி எப்படிச் செய்தாரோ அப்படிச் செய்யுங்கள். கட்டின் கீழே எப்போதும் மணல் போட்ட மண்சட்டி ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், கனல் உதிரும். திரைச்சீலை, சோபா, காற்றில் ஆடும் துணி பக்கத்தில் போகாதீர்கள். ஃபேனை நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள்.

கொண்டோவில் அலாரம் அடிக்குமா? பக்கத்து வீட்டார் என்ன சொல்வார்கள்?

கூரையில் இருக்கும் தண்ணீர்த் தெளிப்பான் சூட்டுக்குத்தான் திறக்கும், புகைக்குத் திறக்காது, அதைப் பற்றிக் கவலை வேண்டாம். புகை உணர்கருவி வேறு. பல கட்டடங்களில் அது வெளித் தாழ்வாரத்திலும் லிஃப்ட் பக்கத்திலும் இருக்கும், அதனால் வாசற்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தூபம் போட்டால்தான் வம்பு. கதவைச் சாத்திவிட்டு பால்கனியைத் திறந்து போடுங்கள், நிலைவாசலுக்கு உள்பக்கம் நின்றே காட்டினால் போதும். உணர்கருவியைப் பிளாஸ்டிக் பை போட்டு மூடுவது மட்டும் வேண்டாம், எடுக்க மறந்தால் உண்மையான தீயில் அது கத்தாது.

பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சீனர் வீட்டில் ஊதுபத்தி எரிகிறது, மலாய்க்காரர் வீட்டில் கெமெஞான் மணம் தெரிந்ததே, இந்த ஊரில் புகையின் அர்த்தம் யாருக்கும் புதிதில்லை. யார் வீட்டில் ஆஸ்துமா இருக்கிறது என்பது மட்டும்தான் நமக்குத் தெரியாது.

கைக்குழந்தையைக் குளிப்பாட்டித் தலைக்குச் சாம்பிராணி காட்டலாமா?

பாட்டிமார் மனம் நோகும் என்று தெரிந்தேதான் சொல்கிறேன்: வேண்டாம். குழந்தையின் மூச்சுக்குழாய் மிகச் சின்னது, எந்தப் புகையானாலும் அதற்குப் பாரம்தான். தலையைப் பருத்தித் துண்டால் ஒற்றித் துடைத்தால் காய்ந்துவிடும். குழந்தை வேறு அறையில் இருக்கும்போது கூடத்தில் தூபம் போட்டு, புகை கலைந்த பிறகு தூக்கி வாருங்கள், அந்த மணம் குழந்தைக்கும் வரும். ஆஸ்துமா உள்ளவர்கள், கர்ப்பிணிகள், நெஞ்சுநோய் உள்ள பெரியவர்களுக்கும் இதே ஏற்பாடுதான். கூண்டில் பறவை வளர்த்தால் அதை வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டுத் தொடங்குங்கள், பறவைகளுக்குப் புகை நம்மைவிடப் பல மடங்கு கெடுதல்.

மலேசியாவில் குழந்தை பிறந்ததும் ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள் அல்லவா, அந்தக் குறைபாடு இருக்கும் வீட்டில் பாச்சை உருண்டை இருக்கவே கூடாது, எரிப்பது பற்றிப் பேச்சே இல்லை. அந்த ஆவி அவர்களின் சிவப்பணுக்களை உடைத்துவிடும். பாச்சை உருண்டையைக் கற்பூரம் என்று நினைத்துத் தூபத்தில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், குழம்பாதீர்கள்.

புகை 94 சதவீதக் கிருமியைக் கொல்லும் என்று வாட்சப்பில் வருகிறதே?

அந்த எண் எங்கிருந்தோ கிளம்பிய கட்டுக்கதை இல்லை. லக்னோவில் உள்ள தேசிய தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வில் வந்தது. ஹோமத்துக்கான மரக்குச்சியும் மூலிகைக் கலவையும் மூடிய அறையில் ஒரு மணிநேரம் எரித்தபோது காற்றில் இருந்த பாக்டீரியா அந்த அளவு குறைந்தது. ஆனால் வெள்ளை சேஜ் விற்பவர்கள் இதே எண்ணைத் தங்கள் கட்டுக்கு ஒட்டிக்கொண்டார்கள், அந்த ஆய்வில் எரித்தது சேஜ் அல்ல. தவிர, அவ்வளவு புகையுள்ள மூடிய அறையில் மனிதர் உட்கார முடியாது. எந்த இலையை எரித்தாலும் நுண்துகள் வரும். உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டலில் ஒரு நாள் சராசரிக்கு வைத்திருக்கும் வரம்பு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம்தான், மூடிய அறையில் தூபம் போட்டால் கொஞ்ச நேரத்துக்கு அதைத் தாண்டிப் போய்விடும். அதனால் கிருமிக்காகத் தூபம் போடாதீர்கள். மனத்துக்காக, சாமிக்காக, வீட்டில் எல்லாரும் ஒரு நிமிடம் நின்று கும்பிடுவதற்காகப் போடுங்கள். எனக்கு அது போதுமான காரணம்.

கொசு போகுமா?

நொச்சிப் புகைக்குக் கொசு கொஞ்ச நேரம் விலகும். டெங்கி பரப்பும் ஏடிஸ் பூந்தொட்டித் தட்டில் தேங்கிய தண்ணீரில் முட்டையிட்டுக்கொண்டே இருக்கும், தட்டைக் கவிழ்ப்பதுதான் வைத்தியம்.

புகைமூட்ட நாட்களில் போடலாமா?

காற்று மாசுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் வேண்டாம். ஜன்னலைத் திறக்க முடியாத நாளில் தூபமும் இல்லை. விளக்கேற்றி, மஞ்சள் தண்ணீரை மாவிலையால் தெளித்து முடித்துக்கொள்ளுங்கள், குறையொன்றும் இல்லை.

எதை எரிக்கவே கூடாது?

அரளி. பூ அழகாக இருக்கிறது என்று காய்ந்த கிளையைச் சேர்த்துவிடாதீர்கள், அதன் புகையும் நஞ்சு. எருக்கு, கள்ளி, ஊமத்தை இவையும் வேண்டாம். பெயர் தெரியாத எந்தச் செடியும் வேண்டாம். சாமி படத்திலிருந்து எடுத்த மாலையை அப்படியே போடாதீர்கள், ஜிகினாவும் பிளாஸ்டிக் நாரும் இருக்கும். அகில் கட்டை பற்றியும் கேட்கிறார்கள். இங்கே காகாரு என்று விற்பது அதுதான், மரம் அருகிவருவதால் 1995 முதல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற உலக ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. வாங்கினால் தோட்டத்தில் வளர்த்ததா என்று கேட்டு வாங்குங்கள்.

துக்கம் நடந்த வீட்டில், தீட்டு நாட்களில் போடலாமா?

உங்கள் குடும்ப வழக்கம் எதுவோ அதுவே. சாமி அறையில் விளக்கேற்றாத நாட்களிலும் வீட்டுக்கு மட்டும் வேம்பும் சாம்பிராணியும் காட்டுகிற குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. மாதவிலக்கு நாளில் பெண் தூபத்தைத் தொடக் கூடாது என்பதை நான் ஏற்பதில்லை.

சாம்பலையும் மிச்சக் கட்டையும் என்ன செய்வது?

கட்டைத் தண்ணீரில் முக்கினால் அடுத்த முறைக்கு ஆகாது. மணலில் நுனியைக் குத்தித் திருகி அணைத்து, கால் மணிநேரம் கழித்துத் தொட்டுப் பாருங்கள், துளிச் சூடும் இருக்கக் கூடாது. கருகிய நுனியைக் கத்தரித்துவிட்டு டின்னில் வைத்தால் அடுத்த வெள்ளிக்கு ஆகும். கரிச்சாம்பலை அன்றே குப்பைப் பையில் போடாதீர்கள், உள்ளே கனல் மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும், கொண்டோவின் குப்பைக் குழாயில் விழுந்தால் பொம்பா தீயணைப்புப் படையைக் கூப்பிட வேண்டிவரும். மறுநாள் காலை அதில் தண்ணீர் தெளித்து, ஆறிய சாம்பலைத் துளசித் தொட்டியில் கொஞ்சமாகத் தூவிவிடுங்கள்.